இரண்டாம் நம்பர் டிஸ்க்

எண்ணும்போது மனிதர்கள் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் இதில் ஒருமுறையாவது இடறியிருப்போம்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் கேமராப் பதிவுகள், நான்கு டிஸ்க்குகளில் பிரித்துச் சேமிக்கும் 'ரெய்டு' பெட்டி ஒன்றில் இருந்தன. அது கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருவர் படுத்தால் மற்ற மூவர் தாங்குவார்கள். இருவர் படுத்தால் குடும்பம் நடுத்தெருவில். அதில் ஒரு டிஸ்க் கொஞ்ச நாளாகவே வருவதும் போவதுமாக இருந்தது.

உறைபனி அறைக்குள் ஒரு சுமைதூக்கி இறந்துகிடந்தார். வெளியே தாழ் போட்டது மேற்பார்வையாளரான என் தங்கை கணவர்தான் என்று போலீஸார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போட்டது யார் என்பது கேமராவில் இருக்கும். படத்தை எடுத்துத் தரும் வேலை, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் வந்தது. தங்கையும் கூடவே வந்து பெட்டியருகில் நின்றாள்.

"அண்ணா, படம் வந்துட்டா அவரை விட்டுடுவாங்கல்ல?"

"விடுவாங்கம்மா. முதல்ல கெட்டுப்போனதை மாத்தணும்." திரை கெட்டது '2' என்று காட்டியது. "இடப்பக்கத்துலேருந்து ரெண்டாம் நம்பரை உருவு."

"தப்பா உருவிட்டா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவியே."

"இருக்கிறதே நாலு. எண்ணக்கூடவா தெரியாது?"

சிரித்தாள். அவரைப் பிடித்துப்போன பிறகு அன்றுதான் சிரித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நன்றாக இருந்த டிஸ்க்கை உருவினாள். கெட்டது அவள் கணக்குக்கு மூன்றாவது. அவள் எப்படி எண்ணுவாள் என்று எனக்குத் தெரியும். பெட்டி அடங்கிவிட்டது.

"என் கையாலயே கெடுத்துட்டேனாண்ணா?"

"விடும்மா. தெரியாம நடந்துபோச்சு."

அவள் முகம் கழுவப் போனாள். உருவியதைத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் பெட்டிக்கு உயிர் வந்துவிடும். செருகினேன். 'புதிதாக உருவாக்கு' என்பதை அழுத்தினேன். பழைய படம் எதுவும் மிஞ்சவில்லை.

தாழ் போட்டது நான். அந்தச் சுமைதூக்கி முதலாளியிடம் என்னைப் பற்றிக் கோள் மூட்டியவர். சற்று நேரம் குளிரட்டும், புத்தி வரும் என்று நினைத்தேன். தட்டினார். கேட்டது. சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததில் மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தண்டனை ஆகிவிட்டது. தங்கை இப்போதெல்லாம் விளக்கு சுவிட்சைப் போடக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறாள்; தன் கை ராசியில்லாத கை என்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை கிளம்பியிருக்கிறேன். ஆனால் புருஷனும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், நானும் உள்ளே போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?