கடைசிக் காட்சியில் உதடு ஒட்டவில்லை

என் படத்தின் முதல் பாதி இழுவைதான், ஐயா. அதை நானே ஒத்துக்கொள்கிறேன். கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகப் பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. இணையத்தில் ஓசியில் பார்க்கிறவன் நாலு வார்த்தை திட்டத்தான் செய்வான். திட்டியவர்களுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன், நீங்களே பார்க்கலாம்.

ஆனால் கடைசிக் காட்சியை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. மூடிய அறைக்குள் புகை சூழ, கதாநாயகி கதவைத் தட்டித் தட்டிச் சரிகிற காட்சி. 'உயிரைக் கொடுத்து நடிச்சிருக்கு அந்தப் பொண்ணு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு இரண்டு கை கூப்பிய படம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

அந்தப் பெண் என் கொழுந்தியாள். வீட்டில் சின்னவள் என்போம். நடிகையைத் தேடிப்போக நமக்கு ஏது வசதி? கேமரா நான், விளக்கு நான், சாப்பாடு என் மனைவி. படப்பிடிப்பில் ஒலிப்பதிவும் கிடையாது. ஊமையாக எடுத்துக்கொண்டு, பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாயசைவுக்கு ஏற்றபடி பேசிச் சேர்ப்போம். சின்னப் படங்களில் அப்படித்தான்.

முதலில் எடுத்துமுடித்த படத்தைக் குரல் சேர்க்கும் முன்பே தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் தெருத் தையல்காரர் அந்தக் காட்சி வந்ததும் வாயைத் திறந்தார். "தம்பி, சாகப்போற பொண்ணு மாதிரியா இருக்கு? பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரியில்ல நிக்குது!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. மாமனார் வீட்டில் என்னை 'டைரக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது எனக்குத்தான் தெரியும். இந்தப் படமும் போனால் அந்தப் பெயர் சாகும்வரை என்னை விடாது.

ஆகவே திரும்ப எடுத்தேன். மூடிக்கிடந்த பழக்கிடங்கு ஒன்று கிடைத்தது. தடிமனான கதவு, வெளியிலிருந்துதான் தாழ்ப்பாள். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. புகை இயந்திரம் இல்லாததால் ஒரு சட்டியில் கரியைப் போட்டு மூட்டி உள்ளே வைத்தேன். கேமராவை அங்கேயே நிறுத்தி, வயரை வெளியே இழுத்து, கதவுக்குப் பக்கத்தில் மானிட்டரோடு உட்கார்ந்தேன். என் மனைவி இரண்டு நாளாக ஊரில் இல்லை. நாங்கள் இருவர் மட்டுந்தான்.

"ரொம்ப நேரம் வைக்காதீங்க அத்தான், எனக்குப் புகை ஒத்துக்காது" என்றாள்.

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன், பயப்படாதே" என்றேன். அது பொய்யில்லை. கடைசிவரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கதவைத் திறந்தபோது அவளிடம் மூச்சில்லை. தானாகக் கரியை மூட்டி ஒத்திகை பார்க்கப் போனாள், கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது, நான் வரும்போதே இப்படி என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் காட்சி முந்தின நாளே எடுத்தது என்றேன். விசாரிக்க வந்த நீங்களும் நம்பினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கே அன்றைக்குச் சொல்ல நன்றாக வந்தது.

டப்பிங்குக்குச் சின்னவளின் குரல் வேண்டுமே? அக்கா தங்கை இருவருக்கும் ஒரே குரல். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுப்படத்தையும் பேசிக்கொடுத்தாள். கடைசிக் காட்சியில் மட்டும் நிறுத்தினாள்.

"ஏங்க, இவ வாய் வேற என்னமோ சொல்லுதே. ஒட்ட மாட்டேங்குது."

"பதட்டத்துல வசனத்தை மாத்திட்டா. நீ எழுதியிருக்கறதைப் பேசு."

பேசினாள். 'யார் நீ, முகத்தைக் காட்டு' என்று தங்கையின் வாய்க்குள் தன் குரலை வைத்தாள். பாவம், என் பேச்சை அவள் தட்டினதே கிடையாது.

படம் வெளிவந்தபின் தினமும் காலையில் கருத்துகளை எனக்கு வாசித்துக் காட்டுவாள். தங்கையைப் புகழ்ந்திருந்தால் இரண்டு தடவை வாசிப்பாள். இன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

'எனக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் படம் பார்ப்பேன். கடைசிக் காட்சியில் கீழே ஓடும் வசனமும் அந்தப் பெண்ணின் உதடும் ஒட்டவில்லை. அவள் யார் நீ என்று கேட்கவில்லை. நடிக்கல அத்தான், கதவைத் திறங்க என்கிறாள். கதையில் அவளுக்கு அத்தானே கிடையாதே, ஏன்?'

மரியாதையான கேள்வி. அதை அழித்திருக்கலாம்தான். ஆனால் கருத்துகளை அழிக்கிற இயக்குநர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தவிர, போன் அவள் கையில் இருந்தது.

சத்தத்தை அணைத்துவிட்டு அந்தக் காட்சியைப் போட்டாள். திரும்பவும் போட்டாள். அவள் உதடும் கூடவே அசைந்தது.

"அவ உங்களையா கூப்பிட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வெளியே போனாள். அறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. ஜன்னலில் கம்பி. கூடத்தில் அவள் உங்களுக்குப் போன் செய்வதும், நடுவே வாய்விட்டு அழுவதும் கேட்டது. நீங்கள் வரும்வரை நான் ஒரு தடவைகூடக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் அவள் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் திறக்க மாட்டேன் என்று சின்னவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் தவித்தது வெளியே இருந்த எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பேசுவது கேட்காது என்பதால் ஒரு சைகை வைத்திருந்தோம். நிஜமாகவே முடியவில்லையென்றால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், உடனே திறந்துவிடுவேன். தூக்கினாள். மானிட்டரில் தெளிவாகப் பார்த்தேன். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை புகைக்குள்ளிருந்து எழும்பி வந்த விதம் இருக்கிறதே, ஐயா, எந்த நடிகைக்கும் அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அது தானாகக் கீழே விழும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்: அவள் பிழைத்து வந்து அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், திறக்காததற்கு எனக்கு நன்றிதான் சொல்லியிருப்பாள்.