கூலர் இன்னும் வரல, மாப்ள

— அப்ப அந்தப் பெட்டிய இன்னும் உள்ள தள்ளி வையிண்ணே. அவுக கண்ணுல பட்டுச்சுன்னா நான் தொலைஞ்சேன்.

— தள்ளித்தான் வச்சிருக்கேன், தாயி. பழைய பேட்டரிக்கு அடியில கெடக்கு. ஆனா எம்புட்டு நாளைக்கு? மதுரையிலருந்து வரணும்னேன். லாரிக்காரன் வரலைன்னேன். சைஸு மாறி வந்துருச்சுன்னேன். ஒன் புருசன் நேத்துப் போன்ல என்னா கேட்டாக தெரியுமா? "மச்சான், அந்தக் கூலர் ரோட்டுல வருதா, வைகையில நீந்தி வருதா"ன்னு கேக்குறாக.

— இன்னும் ஏதாச்சும் சொல்லேன். அந்த வண்டிக்கு அது சேராது, இஞ்சினுக்கு ஆகாதுன்னு சொல்லிப்புடு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.

— யாருகிட்ட? தங்கப்பாண்டிகிட்டயா? கம்பம் மெட்டு ரோட்டுல எந்த வளைவுக்கு எந்தக் கியருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற ஆளு. அவுககிட்டப் போய் இந்தப் பொன்னுராஜு கதை விட்டா எடுபடுமா?

— ஒரு காலு போயும் ஆசை போகலையேண்ணே அவுகளுக்கு. கிளச்சு மிதிக்கிற காலு போச்சுன்னதும் கிளச்சே இல்லாத வண்டியாத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்தினாக. ஆட்டோமேட்டிக்காம். கல்யாண சவாரிக்குக் கீழயே ஓட்டிக்கிறேன்னுதானே வாங்குனாக? இப்ப மலைக்கு ஏத்தணுமாம்ல!

— அதான் ஏற மாட்டேங்குதே. பாதி மலையில கியர் ஆயில் கொதிச்சு லைட்டு எரியுது. நான் அந்தக் கூலர மாட்டலைன்னா வண்டி மெட்டுக்குப் போகாது. நீயும் தப்பிச்ச. அது சரி, ஒண்ணு கேக்குறேன். நீ எதுக்குப் பயப்படுற? அவுக மறுபடியும் அடிபட்டுருவாகன்னா, இல்ல நீ மாட்டிக்குவேன்னா?

— ரெண்டுந்தான். ஒனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, மிச்சம் இருக்குற அந்த ஒத்தக் கால்மேல என் கைய வச்சு சத்தியம் வாங்குனாக. "இனிமே நீ தோட்டத்து வேலைக்குப் போகாத, எவன் ஜீப்புலயும் அந்த மலைக்கு ஏறாத"ன்னு. நானும் பண்ணிக் குடுத்தேன். சொன்னபடி நூல் மில்லுக்குத்தான் போனேன். மில்லுக்காரன் ஒரு ஷிப்ட்ட நிப்பாட்டிட்டான். நான் எங்க போவேன்? ஏலக்காத் தோட்டத்துலதான் வா வான்னு கூப்புடுறாக.

— அப்பவே அவுககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிண்ணே சொல்ல? "என் காலு போனாலும் போகட்டும்னுதான ஜீப்புல ஏறுன"ன்னு ஒரு வார்த்த கேட்டாகன்னா நான் எங்கிட்டுப் போய் நிப்பேன்? கொஞ்ச நாளா அந்த நல்ல காலு வலிக்குதுன்னு ராத்திரியில முனங்குறாக. நான் தூங்காம அந்தக் காலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். இப்ப அந்தக் காலை நம்பித்தான் அதே ரோட்டுல வண்டி ஓட்டப் போறாகளாம். நான் மீறுன சத்தியம் அங்கன காத்துக்கிட்டுல்ல இருக்கும்!

— ஏ கிறுக்குப் புள்ள, அழாத. சத்தியத்துக்கு மலை வளைவுல நின்னு ஆள் புடிக்கிறதுதான் வேலையா? கண்ணத் தொடை. ஜீப்புல எடம் கெடைக்குதா? உள்ளதான ஒக்காந்து போற?

— உள்ளதான், உள்ளதான். நடுச்சீட்ட எனக்குன்னே போட்டு வச்சிருப்பாக. வீட்டுக்குப் போக நேரமாச்சு, கொஞ்சம் வேஸ்ட்டு குடு.

— அந்தா மூட்டை, எடுத்துக்க. எல்லாப் பட்டறையிலயும் ஆயில் கையத் தொடைக்க நூல் வேஸ்ட்டு வாங்குவாக. நான் என் தங்கச்சி கொண்டைக்கு வாங்குறேன்.

— கேலி பண்ணாத. மில்லுல இருந்து வர்றவ தலையில ஒரு நூலு ஒட்டாம வந்தா நம்புவாகளா?

— இரு, இரு. வாசல்ல யாரு ஹாரன்?

— ஆத்தாடி! அவுக வண்டிண்ணே!

— குறுக்கவே கொண்டாந்து நிறுத்திட்டாக. இனி வெளிய போக வழியில்ல. அந்த டயர் அடுக்குக்குப் பின்னாடி போ. சோத்துப் பைய எடுத்துக்க. இருமித் தொலைச்சுறாத... வாங்க மாப்ள, வாங்க வாங்க! இந்த வெயில்ல எதுக்கு? ஒரு சர்பத்துச் சொல்லவா?

— சர்பத்து வேணாம் மச்சான். கூலர் குடுங்க, அம்புட்டுத்தான். என்ன, பட்டறையே மணக்குது?

— ஊ... ஊதுவத்தி பொருத்துனேன் மாப்ள. அந்தக் கூலர்தான் இன்னும் வரல. மதுரைக்காரன் இன்னைக்கும்...

— மச்சான், ட்ரைவருகிட்டயே சுத்து வழி காட்டாதீக. அந்த மதுரைக் கடைக்கு நானே போன் போட்டுட்டேன். "ஒங்க மெக்கானிக்கு வாங்கிட்டேன்னு சொன்னாரே"ங்குறான். எங்க வச்சிருக்கீக?

— வந்துச்சு மாப்ள. வரலைன்னு சொல்லுவேனா? ஒங்க வண்டிக்கு அது அவசியமான்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ரேடியேட்டருக்குள்ளயே கியர் ஆயிலுக்குன்னு கம்பெனிக்காரன் ஒரு கூலர் வச்சுத்தான விட்டிருக்கான்.

— வச்சிருக்கான். மலையில ரேடியேட்டர் தண்ணியே கொதிக்குது, அதுக்குள்ள போற ஆயிலு எங்கிட்டு ஆறும்? வெந்நி அண்டாவுக்குள்ள மோர்ச் சொம்ப வச்ச கதைதான். போன வாட்டி நீங்கதான அளவுக் கம்பிய உருவி மோந்து பாத்தீக? செவப்பா இருக்க வேண்டிய ஆயிலு கடுங்காப்பி கணக்கா இருந்துச்சு. தீஞ்ச வாடை. "முன்னாடி காத்துப் படுற எடத்துல தனியா ஒரு கூலர் மாட்டுவோம் மாப்ள, ரேடியேட்டர்லருந்து வர்ற ஆயிலு அதுல போயி ஆறிட்டு அப்பறம் கியர்பாக்ஸுக்குப் போகட்டும்"னு சொன்ன வாயி யாரு வாயி? யோசனையும் ஒங்களது, அத ஒளிச்சு வச்சிருக்கிறதும் நீங்க.

— அது மலைக்குச் சொன்னது. கீழ ஓட்ட எதுக்கு? சின்னமனூருக்கும் தேனிக்கும் போக இருக்குற கூலரே போதும்.

— நான் மலைக்குத்தான் போகப் போறேன்.

— மாப்ள, மனசு விட்டுக் கேக்குறேன், கோவிச்சுக்காதீக. அந்த மலை ஒங்களுக்கு என்ன செஞ்சுச்சு? பிரேக்கு விட்டுப் போன ஜீப்ப பள்ளத்துப் பக்கம் விடாம பாறையில கொண்டு போயி மோதினீக. பின்னாடி இருந்த அம்புட்டுப் பொம்பளைகளும் பொழச்சாக. என் தங்கச்சியும் அதுல ஒருத்தி. ஒங்க காலு போச்சு. ஊரே ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அது போதாதா? அவள நெனச்சுப் பாருங்க.

— அவள நெனச்சுத்தான் வந்திருக்கேன்.

— வெளங்கல மாப்ள.

— ஒங்க தங்கச்சி ராமுத்தாயி போறாளே, அந்த மில்லுல என்ன நூலு ஓட்டுறாக?

— நூலா? நூலுன்னா... நூலுதான்.

— வெள்ளை நூலு. அங்கன சாயமே கெடையாது. இவ தலையில பச்சை நூலு, ஊதா நூலு, செவப்பு நூலெல்லாம் ஒட்டியிருக்கு. பத்தாததுக்கு கிரீஸு வாடை வேற. ஒரு நாளு ஒரு நூல எடுத்து உத்துப் பாத்தேன். எங்கனயோ பாத்த நூலாத் தெரியுதேன்னு நெனச்சா, ஒங்க பட்டறையில நான் கை தொடச்ச வேஸ்ட்டு!

— அது வந்து மாப்ள... மில்லுக்காரன் இப்பக் கலரு நூலும்...

— பொறுங்க மச்சான், பொய் சொல்லிச் சொல்லி ஒங்களுக்கு வேர்க்குது. அப்பக்கூட நான் தப்பா ஒண்ணும் நெனைக்கல. வர்ற வழியில அண்ணன் பட்டறையக் கூட்டிக் குடுத்துட்டு வர்றா போலன்னு விட்டுட்டேன். பெறகு ஒரு நாளு விடியக்காலம் வண்டிய மலைக்கு ஏத்திப் பாத்தேன். ஒத்தையிலதான். ஏறுதான்னு பாப்போம்னு ஒரு ஆசை. பாதியில லைட்டு எரிஞ்சுச்சு. ஓரங்கட்டி பானெட்டத் தூக்குனேன். எங்கனன்னு நெனைக்கிறீக?

— அந்த வளைவுலயா?

— அதே வளைவு. அதே பாறை. நிக்கிறேன், கீழருந்து தோட்டத்து ஜீப்பு ஒண்ணு வருது. உள்ள தீக்குச்சி அடைச்ச மாதிரி பொம்பளைக. எடம் பத்தாம ஒருத்தி பின்படியில நின்னு தொங்கிக்கிட்டு வர்றா. தலையில துண்டு. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை. காய் எடுக்கப் போற பொம்பளைக எல்லாரும் போடுறதுதான, நான் மொதல்ல கண்டுக்கல. காக்கிச் சட்டை. ஜீப்பு வளைவுல திரும்புது, முதுகு தெரியுது. தோள்பட்டை கிழிஞ்சு செவப்பு நூல்ல தச்சிருக்கு.

— செவப்பு நூல்லயா?

— காக்கி நூலு வீட்டுல இல்லைன்னு, கையில கெடைச்ச செவப்பு நூல்ல நானேதான் தச்சேன். என் சட்டை மச்சான் அது. ஜீப்பு ஓட்டுறப்ப நான் போட்ட சட்டை.

— அய்யோ.

— அந்த வளைவு தாண்டுற வரைக்கும் அவ கண்ணத் தொறக்கல. கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டுப் போறா. நான் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறேன், என்னப் பாக்கவே இல்ல.

— படியிலயா தொங்குறா? உள்ள நடுச்சீட்டுன்னுல்ல எங்கிட்டச் சொன்னா!

— ஒங்ககிட்டயும் பொய்தானா?

— மாப்ள, மறைக்கிறதுக்கு இனி என்ன இருக்கு. அவ மலைக்குப் போறது எனக்குத் தெரியும். மில்லுல வேலை போனதும் தெரியும். வேஸ்ட்டு குடுத்ததும் நான்தான். ஆனா படியில தொங்குறான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அவ கால ஒடிச்சு வீட்டுல ஒக்கார வச்சிருப்பேன்.

— காலப் பத்தி மட்டும் எங்க வீட்டுல பேசாதீக மச்சான், ஏற்கனவே ஒண்ணு கொறையுது.

— சிரிக்கிறீகளே! கோவம் வரலையா ஒங்களுக்கு?

— வந்துச்சு. அவ மேல இல்ல. பயந்து போயிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு அவகிட்டச் சத்தியம் வாங்குனானே, அந்தக் கோட்டிக்காரன் மேல வந்துச்சு. அடுப்பு எரியணுமேன்னு அவன் யோசிக்கல. அவ தெனமும் செத்துப் பொழச்சு வீடு வந்து சேருறா. நான் வாசல்ல ஒக்காந்துக்கிட்டு, "இன்னைக்கு மில்லுல வேலை கூடவா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

— அவகிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா மறுநாளே நின்னுருவா. இல்லன்னா இன்னும் பெரிய பொய்யாத் தேடுவா. எனக்கு ரெண்டுமே வேணாம். மொதல்ல வண்டி மலை ஏறட்டும், அப்பறம் பேசிக்கிருவோம்னு இருந்தேன். லைசென்ஸு வாங்கியாச்சு, தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போகப் பர்மிட்டு வாங்கியாச்சு. இதுல ஏழு பேரு ஒக்காரலாம். எட்டாவது ஆளு எங்கப்பனே வந்தாலும் ஏத்த மாட்டேன். என் வண்டிப் படியில ஒரு பொம்பளையும் தொங்கக் கூடாது. ஏழு பேரோட, சோத்துப் பையோட மெட்டு வரைக்கும் நிக்காம ஏறணும், கியர் ஆயிலு கொதிக்கக் கூடாது. அம்புட்டுத்தான் நான் கேக்குறது. அதுக்கா இந்தப் பாடு படுத்துறீக?

— இருங்க... ம்ம்... இந்தாங்க. பேட்டரிக்கு அடியில கெடந்துச்சு.

— பேட்டரிக்கு அடியிலயா? ஆசிட்டு ஒழுகியிருந்தா என்னத்துக்கு ஆகும்?

— சாக்கு சுத்தித்தான் வச்சேன். களவாணின்னாலும் நான் மெக்கானிக்கு மாப்ள. இப்பவே மாட்டிருவோம். ரேடியேட்டர் தகட்டுக்குள்ள பிளாஸ்டிக் டையக் குத்தி இழுத்துக் கட்டுற வேலையெல்லாம் இங்கன கெடையாது. தனியா இரும்புப் பட்டை அடிச்சு போல்ட்டு போட்டு நிறுத்துறேன். ஹோஸுக்கு ஒரு முனைக்கு ரெண்டு கிளாம்பு. தீஞ்ச ஆயிலப் பூரா எறக்கிட்டுப் புதுசு ஊத்துவோம். அப்பறம் அந்த மலை என்ன செய்யும்னு பாப்போம்.

— திரும்பி வர்ற பைப்பு எதுன்னு தொட்டுப் பாத்து மாட்டுங்க.

— எனக்கேவா? சரி, சொல்லுங்க, சொல்லுங்க, ஒங்களுக்கு உரிமை இருக்கு. மாப்ள, இன்னொண்ணு. சத்தியத்த மீறிட்டோமே, அந்த நல்ல காலுக்கு ஏதும் வந்துருமோன்னு அவ பயந்து சாகுறா. ராத்திரி வலிக்குதுன்னு சொன்னீகளாம்.

— வலிக்காம என்ன செய்யும்? அன்னைக்கு மலையிலருந்து எறங்குறப்ப வழி நெடுக பிரேக்க மிதிச்சேன்ல! ரொம்ப நாளாச்சு மிதிச்சு. தைலம் தேச்சாப் போயிரும். சத்தியமும் இல்ல, சாமி குத்தமும் இல்ல. சத்தியத்த வாங்குனவன் நான், இந்தா, நானே திருப்பிக் குடுத்துட்டேன். கேட்டுச்சா?

— கேட்டுச்சு, கேட்டுச்சு. பக்கத்துல நிக்கிற எனக்கு எதுக்கு மாப்ள இம்புட்டுச் சத்தம்?

— ஒங்களுக்குச் சொல்லல மச்சான். எந்த ஊரு ஊதுவத்தி பச்சை ஏலக்கா வாசம் வீசும்? ராமுத்தாயி, அந்த டயருக்குப் பின்னாடி கொசு புடுங்கும், வெளிய வா. ட்ரைவர் பொண்டாட்டி முன்னாடி ஒக்காந்தா ஊரு பேசும்னு அப்பெல்லாம் பின்னாடியே ஒக்காந்து வருவ. இனிமே முன்சீட்டு ஒனக்குத்தான். அந்த வளைவு வந்தா நீ கண்ண மூடிக்க, நான் பாத்துக்கிறேன்.