கடலில் ஆளில்லை என்று எழுதியவள்

தலைமையேற்று இம்மேடைக்கு மிடுக்கூட்டும் குருசுக்குப்பம் பஞ்சாயத்தார் காசிலிங்கம் ஐயா அவர்களே! அலையோடு அன்றாடம் மல்லுக்கு நிற்கும் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் என் தாய்மார்களே! பாராட்டு மாலையை வாங்கிக்கொண்டு கூச்சத்தில் குனிந்திருக்கும் கமலவேணி அக்கா அவர்களே! அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் இந்தக் குப்பத்துப் பெண் ஜெயசித்ராவின் அன்பு வணக்கம்!

உலையில் பெருவிபத்து நேர்ந்தால் என்ன செய்வது? அதைத் திட்டமிடுவதுதான் என் வேலை. உலையைச் சுற்றி ஒரு கான்கிரீட் கூடு. உள்ளே ஆவி ஏறிக்கொண்டே போனால், கூடு வெடிக்கும்வரை காத்திருப்பதா? வடிகட்டி வழியாக நாமே கொஞ்சம் திறந்துவிடுவதா? திறந்தால் கொஞ்சம் நஞ்சு வரும். வெடித்தால் எல்லாம் வரும்! ஆகவே, மேற்கிலிருந்து கச்சான் காற்று கடல் பக்கம் வீசும்போது திறக்கலாம் என்று எழுதினேன். சென்ற மாதம் இதே இடத்தில் வரைபடத்தை விரித்தேன். நம் படகுகள் வலை விரிக்கும் அந்தக் கடலின்மேல் என்ன எழுதியிருந்தேன்? ‘மக்கள்தொகை: சுழியம்!’

கமலவேணி அக்கா எழுந்தார். “ஏம்மா சித்ரா, எங்க வூட்டுக்காரரு விடிகாலைல அங்கதான் போயிருக்காரு. அவுரு ஆளில்லியா? உங்கப்பா எங்க போயி சம்பாரிச்சு உன்னப் படிக்க வச்சாரு?”

சிரிக்கிறீர்களா, சின்னப்பாப்பா அக்கா? சிரியுங்கள்! எனக்கு அன்று அழுகைதான் வந்தது. ஆனாலும் விடவில்லை.

“படகெல்லாம் கர சேர நாலு மணி நேரம் ஆவும்க்கா. கூடு அதுவரைக்கும் தாங்காது. கரையில இத்தினி சனம் இருக்கே!” என்றேன்.

“கரைக்கு ஏன் வரணும்? காத்தே அங்கேர்ந்துதான வருது! காத்துக்குக் குறுக்க, தெக்கால ஓடச் சொல்லு. ஒரு மணி நேரம் போதும்.”

படித்தேன், பட்டம் பெற்றேன், பதவியும் பெற்றேன். இது எனக்குத் தோன்றியதா? இல்லையே!

நேற்று ஒத்திகை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டோம். ஐம்பத்து மூன்று படகுகளும் தெற்கே திரும்பின. ஐம்பதே நிமிடம்! கடைசியாகப் பேசியவர் அக்காவின் கணவர். “வெலகிட்டோம். எங்க வூட்டுல சொல்லிடுங்க” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அது வெறும் ஒத்திகை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது.

இனி ஆவியை வெளியே விடும் வால்வைத் திறக்கும் உத்தரவில், கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கும்: ‘படகுகள் விலகிவிட்டனவா?’ அதைக் கேட்காமல் எந்த அதிகாரியும் கையெழுத்திட முடியாது. நானும்தான்!

பொறுமையாகக் கேட்ட ஊராருக்கும், நாலு பேர் முன்னிலையில் என்னைத் திட்டித் திருத்திய அக்காவுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!