சிவப்பு வரும்வரை

பால் ஊற்றாத இந்தத் தே ஓவில் சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை சம்சுன்னிசா மேடம், குடித்துவிட்டேன். நிதானமாகச் சொல்கிறேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆம்ப்ரோஸ். லிட்டில் இந்தியா டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைத் தயாரிக்கிறோம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கானது. வலிப்பைத் தூண்டும்படி பளிச் பளிச்சென்று வெட்டும் வீடியோ வந்தால், கண்ணில் படுமுன் சாம்பல் திரை போட்டு மூடிவிடும். அந்த வேலையில் நான் சேர்ந்ததே என் மகள் நடாலிக்காகத்தான். பத்தொன்பது வயது. சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு வலிப்பு.

சோதிப்பது என் பொறுப்பு. ஆள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நான் எழுதிய நிரல் தானே பிரவுசரைத் திறக்கும், எக்ஸ்டென்ஷனை ஏற்றும், வெட்டும் வீடியோவுக்குப் போகும், திரை விழுந்ததா என்று பார்க்கும். விழுந்தால் பச்சை. விழாவிட்டால் சிவப்பு.

பிரவுசரைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எக்ஸ்டென்ஷன் தூங்கிவிடுகிறது. அது விழிப்பதற்குள் வீடியோ ஓடிவிடும். எப்போதும் இல்லை, எப்போதாவது. சிவப்பு வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம்: மறுபடி ஓட்டுவோம். பச்சை வந்ததும் நிறுத்திக்கொள்வோம்.

"அங்கிள், உங்க ரோபோவுக்குத்தான் வலிப்பு," என்றான் ரஞ்சன். எக்ஸ்டென்ஷனை எழுதியவன். "என் லேப்டாப்ல ஓகேவாதான் இருக்கு லா. ரீரன் பண்ணுங்க."

"நிஜ ஆள் பார்த்தா என்ன ஆகும்?"

"நிஜ ஆள் யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணட்டும். அப்புறம் பாப்போம்."

திங்கட்கிழமை வெளியீடு. தள்ளிப்போடும்படி முதலாளியிடம் போய்க் கெஞ்சினேன். வெளியே போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதை நம்பித் திரை முன்னால் உட்காரும். யாருக்கும் புரியவில்லை. ரஞ்சன் கேட்டதில் தப்பில்லை, நிஜ ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டில் இருந்தாள்.

ஞாயிறு காலை. என் மனைவி பிரிஜட் சர்ச் பூசைக்குப் போயிருந்தாள். பாசிர் ரிஸ் வீட்டில் நானும் நடாலியும்தான். அம்மா வந்ததும் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னது நான்தான். மாத்திரை உள்ளே போயிருந்தால் சோதனை சுத்தமாக இருக்காது. பூச்சாடியில் சாய்த்துக் கைப்பேசியைப் பதிவுக்கு வைத்தேன்.

நடாலி லேப்டாப்பில் வெட்டும் வீடியோவின் லிங்கைத் தட்டினாள். சாம்பல் திரை விழுந்தது.

"சூப்பர் பா, வேலை செய்யுது," என்று சிரித்தாள்.

பச்சை. பச்சையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ரொட்டி தின்னச் சொல்லிப் பிரவுசரைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டேன். மறுபடி. அப்போதும் திரை விழுந்தது.

"போதும்பா, போர் அடிக்குது."

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

அந்தத் தடவை திரை விழவில்லை.

சோதனை ஓடும்போது எதையும் தொடக்கூடாது. தொட்டால் முடிவு செல்லாது. வலிப்பு தொடங்கியதுமே லேப்டாப்பை மூடியிருக்கலாமே என்று பிரிஜட் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முழுதாகப் பதிவாக வேண்டாமா, மேடம்? அரைகுறையாகக் காட்டினால் ரஞ்சன் மறுபடி ஓட்டச் சொல்லியிருப்பான். பதிவு முடிந்த பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதற்கு முன்பே அவள் மூச்சு நின்றுவிட்டது. பதிவில் தெளிவாகத் தெரிகிறது.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். என் மகளைக் கொன்றது நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியீடு நின்றது. ரஞ்சன் அழுதுகொண்டே அன்றைக்கே பிழையைத் திருத்திவிட்டானாம். நல்ல பையன். ஆனால் திருத்தியதோடு விட்டுவிடக்கூடாது. அதே சோதனையை, அதே மாதிரி, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதுதான் முறை.

அதற்குத்தான் இப்போது வீட்டில் ஆள் இல்லை.