திருப்பி அடிக்காத பொம்மை

எனக்கு யாரையும் அடிக்க வராது, ஷிஃபா. மூன்றாம் வகுப்பிலிருந்து பி.காம். முடிக்கும்வரை அடி வாங்கியே வந்தவன். பக்கத்து பெஞ்சுக்காரன், பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டவன், ஒருமுறை கருடசேவைக் கூட்டத்தில் முழங்கையால் இடித்த ஒரு மாமி என்று பலர் இதில் பங்கெடுத்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை நீ கடைக்கு வந்து கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதிலாக அன்று தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாய். நேரில் சொல்லத் துப்பில்லாததால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் மொஹசினின் கடிகாரக் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி இருக்கும் ராஜவேலுவின் கேம் சென்டரில் நான் மேனேஜர். மேனேஜர் என்பது ராஜவேலு கொடுத்த பட்டம். பெருக்குவதும் நான்தான். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், ஒரு ஃபேன். பத்தரைக்குத் திறக்க வேண்டிய கடையை நான் ஒன்பதுக்கே திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவேன். வேலையில் அக்கறை என்று ராஜவேலு நினைத்துக்கொண்டிருந்தார். என் அப்பா கிருஷ்ணஸ்வாமி அப்படி நினைக்கவில்லை. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவரை ஏமாற்ற முடியாது.

சண்டை கேம்களில் பிராக்டிஸ் மோட் என்று ஒன்று உண்டு. உனக்குத் தெரிந்திருக்காது. எதிரில் ஒரு ஆள் நிற்பான். அடித்தால் வாங்கிக்கொள்வான். உயிர் குறையாது, நேரம் ஓடாது, யாரும் தோற்க மாட்டார்கள். அவனை உட்கார வைக்கலாம், தடுக்க வைக்கலாம். அவன் செய்ய வேண்டிய அசைவை நாமே பதிவு செய்து வைத்தால் அதையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான். ஒரு நொடியை அறுபதாக வெட்டி, அதில் எந்தத் துண்டில் அடி விழ வேண்டும் என்று பழகலாம். இரண்டு வருஷம் நான் அதைத்தான் செய்தேன். பன்னிரண்டு அடித் தொடர் ஒன்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். அதை உயிருள்ள ஒருவர்மீதும் பிரயோகித்ததில்லை. உயிருள்ளவர்கள் நகர்கிறார்கள்.

மொஹசின் தினமும் மதியம் ஒரு மணிக்கு வருவான். ஒரே ஒரு ஆட்டம் ஆடுவான். பிராக்டிஸ் மோடை அவன் தொட்டே நான் பார்த்ததில்லை. கடிகாரத்துக்குள் மயிரிழை ஸ்பிரிங்கை எடுத்து வைக்கிற விரல்கள் அல்லவா, எந்த பட்டன் எங்கே என்று அவை தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். எதிரே உட்கார்ந்தவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் நான் கடையைச் சாத்த ஒரு கை கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவான்.

2006 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், கடை நிறைய காலேஜ் பசங்கள். மேனேஜரும் மொஹசினும் ஆடியே ஆக வேண்டும் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மூன்று ஆட்டம். மூன்றும் சேர்ந்து ஒரு நிமிஷம் வந்திருக்கும். பன்னிரண்டு அடித் தொடரில் முதல் அடிக்கே அவன் அங்கே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணன் நல்லவன், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தான்.

"சிரிக்காதீங்கபா," என்றான். "அண்ணன் கை அவ்ளோ சுத்தம். எதிர்ல ஆளு மட்டும் இருக்கக் கூடாது."

அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கே வயிறு வலித்தது.

பிப்ரவரியில் சென்னையில் ஒரு போட்டி அறிவித்தார்கள். சென்டருக்கு ஒரு ஆள். ராஜவேலு ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் மொஹசின் பெயரைக் கொடுத்தார். ஃபார்மை நிரப்பியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவன் கடை சாத்துவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஷட்டரின் வலது பக்கத் தடம் வளைந்திருந்ததால், தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது சிக்கிக்கொள்ளும். நான் கொக்கிக் கம்பியால் மேலே பிடித்துக்கொள்வேன். மொஹசின் குந்தி உட்கார்ந்து, வலது கையின் இரண்டு விரலை அடி விளிம்புக்குக் கீழே கொடுத்து, இரண்டு தடவை உலுக்கி, விரலை எடுத்துக்கொண்டு "விடுண்ணா" என்பான். நான் கம்பியை எடுத்துவிட்டுக் காலால் ஒரு மிதி மிதிப்பேன். பன்னிரண்டு நாள் பார்த்தேன். பன்னிரண்டு நாளும் அதே இரண்டு விரல், அதே இரண்டு உலுக்கல். பதிவு செய்து வைத்ததுபோல.

நான் வெள்ளரிக்காய் வாங்க ஆரம்பித்தேன்.

காலை ஒன்பதுக்கு, பிராக்டிஸ் மோடுக்குப் பதிலாக. காயை ஷட்டருக்குக் கீழே வாசற்கல்லின்மேல் வைத்து, மனத்துக்குள் முதல் உலுக்கலை எண்ணி, இரண்டாவது ஆரம்பிக்கும்போது மிதிப்பேன். ஆரம்பத்தில் ஷட்டர் வழியிலேயே சிக்கி, காய்க்குத் தோல்கூட வழன்றதில்லை. தடத்தில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. பக்கத்து வீட்டில் மூன்று தறி ஓடும், ஆகையால் சத்தம் யாருக்கும் தெரியவில்லை. நசுங்கிய முனையை நறுக்கித் தள்ளிவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

"தினம் வெள்ளரிக்காயாடா? இத்தனை பச்சடியை யார் திங்கறது?" என்று அம்மா கேட்டாள். அப்பா மட்டும், உடம்புக்குக் குளிர்ச்சி, பையனுக்கு இப்போதாவது பொறுப்பு வந்ததே என்றார். அவர் என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான்.

செவ்வாய்க்கிழமை நீ தடத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தாய். கறுப்பாக வந்தது. "தினமும் சிக்குற ஷட்டரு, அன்னிக்கு மட்டும் ஏண்ணா சிக்கல?" என்றாய். அண்ணனின் சட்டைக் கையில் இருந்த கறை துவைத்தும் போகவில்லை என்றும் சொன்னாய். எண்ணெய் போதாதென்று நான் கிரீஸ் போட்டிருந்தேன். இதுதான் உன் கேள்விக்குப் பதில். அன்று ஷட்டர் சிக்கவே இல்லை. சிக்கியதுபோல நான் கம்பியால் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் உலுக்கல் முடிந்து இரண்டாவது ஆரம்பிக்கிற இடத்தில் விட்டேன். அவன் "விடுண்ணா" என்று சொல்ல இன்னும் அரை நொடி இருந்தது.

அவன் கத்தவில்லை. உனக்கு அது ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை. கையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். செவிலிமேட்டுப் பக்கம் ஒரு டாக்டரைத் தெரியும் என்று ஆட்டோக்காரர் சொன்னார். வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். போகிற வழியில் மொஹசின் என்னைத்தான் தேற்றிக்கொண்டு வந்தான்.

"பழைய ஷட்டருண்ணா. உன் தப்பு இன்னா இருக்குது? வீட்ல நான் சொல்லிக்கிறேன், நீ பயப்படாத."

ஆள்காட்டி விரலில் ஒரு கணு போயிற்று. நடுவிரல் மடங்காது என்றார்கள். நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். ஃபிளாஸ்கில் காப்பி கொண்டு வந்தேன். உன் அம்மா உம்முசல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மூத்த மகன் ஒருத்தன் இல்லையே என்று இனிமேல் ஏங்க மாட்டேன் என்றார்கள். நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையாட்டல்தான் கூசுகிறது. மற்றதைவிட அது கூசுவது ஏன் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு நான் போனேன். மொஹசின் பெயரில் இருந்த சீட்டு, முதல் சுற்று. எதிரே லக்ஷணா என்று ஒரு பள்ளிக்கூடப் பெண், இரட்டை ஜடை. முதல் ஆட்டத்தில் பத்தொன்பது நொடி தாக்குப்பிடித்தேன். இரண்டாவதை எண்ணவில்லை. முடிந்ததும் அவள் கை கொடுத்து, "சாரி அங்கிள்" என்றாள். எனக்கு வயது இருபத்தைந்து. திரும்பி வருகையில் வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது இறங்கி ஒரு சோடா குடித்தேன். ஊரில் எல்லோரிடமும் ரிமோட் சரியில்லை என்றேன். மொஹசின் ஒருவன்தான் அதை நம்பினான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவன் இப்போது இடது கையால் சிம்டாவை, அந்தச் சின்ன இடுக்கியை, பிடிக்கப் பழகுகிறான். ஓடாத கடிகாரங்களாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, ஒரே திருகை முப்பது தடவை கழற்றி முப்பது தடவை மாட்டுகிறான். கீழே விழுந்தால் சிரிக்கிறான். மாலையில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த திருகைத் தேடி எடுத்துக் கொடுக்கிறேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

இதுவரை படித்ததும் போட்டிக்காகச் செய்துவிட்டான் பாவி என்று நினைத்திருப்பாய். அப்படியே விட்டுவிட்டால் எனக்கும் கொஞ்சம் கௌரவம். பொறாமைக்காரன் என்றால் ஊரில் நாலு பேருக்குப் புரியும். ஆனால் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

விரல் போனது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும் வழியில் மொஹசின் கடைக்கு வந்தான். உங்கள் அத்தாவின் கண் ஆபரேஷன் போட்டி நாளன்றே அமைந்துவிட்டதாம். வீட்டில் சொன்னால் அத்தா தனக்காக மகன் போகாமல் இருக்க வேண்டாம் என்று ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார், அதனால் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றான். போட்டிச் சீட்டை எடுத்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான்.

"நீ போண்ணா. ஒரு தபாவாச்சும் ஆளோட ஆடிப் பாரு."

கிரீஸ் வாங்கியது மறுநாள், சனிக்கிழமை காலையில்.

அப்புறமும் ஏன் என்று கேட்பாய். நானும் யோசித்துப் பார்த்தேன். வாழ்க்கையில் நான் எவ்வளவோ பழகியிருக்கிறேன். டைப்ரைட்டிங், ஹிந்தி, நீச்சல், பன்னிரண்டு அடித் தொடர். நிஜத்தில் செய்யும்போது ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை. இது முதல் தடவையே அச்சாக வந்தது, ஷிஃபா. பார்த்துச் சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லையே என்றுதான் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தது.