மாமாவின் காதில் இருநூறு மடங்கு

அடுத்தவர் கதையை நான் ஒட்டுக் கேட்பதே இல்லை. இது பொய். கல்முனைக்குடி சலூனுக்கு நான் போவதே அதற்குத்தான். என் தலையில் வெட்டுவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை.

நேற்று அங்கே வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், தன் மாமனாரைப் பற்றிக் கூட்டாளியிடம் சொன்னார்:

“மாமாட செவிட்டுக்கு மருந்து செஞ்சி, இப்ப நான் ஊட்ட உட்டுப் போக வேண்டி வந்திரிக்கி மச்சான்.”

“என்னடா செஞ்ச?”

“சத்தத்தக் கூட்டுற சின்னச் சிப் ஒண்டு, ஒம்பது வோல்ட் பெட்டரி, ஒரு மைக், இயர்போன். சும்மா உட்டா இருவது மடங்குதான் கூட்டும். நான் பெருமைக்கு ஒரு கப்பாசிட்டரையும் போட்டு இருநூறு மடங்காக்கிட்டன்.”

“நல்லந்தானே?”

“என்ன நல்லம்! கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அவரோடதான் இரிக்கன். செவிடுதானே எண்டு, குசினிக்குள்ள அவர ஏசி ஏசித்தான் சோறு திண்டன். இப்ப அவ்வளவும் ஹோலுக்குக் கேக்குது.”

“போகச் சொல்லிட்டாரா?”

“காலையில கூப்பிட்டாரு. ‘மகன், நீ ஏசுறது நல்லாக் கேக்குது. அது கிடக்கட்டும். பக்கத்து ஊட்டுக் கதைதான் தெளிவில்ல. இன்னும் கொஞ்சம் கூட்டித் தந்தா நீ இஞ்சேயே இரி. இல்லாட்டிப் போ’ எண்டாரு.”

“அதுக்கு மேல கூட்ட ஏலுமா?”

இந்தப் பதில் எனக்கும் அவசரமாகத் தேவைப்பட்டது.

“காக்கா, உங்கட முறை, வாங்க” என்று சலூன்காரர் என்னைக் கூப்பிட்டு, காதோரம் முடி வெட்டும் மெஷினை இரைய விட்டார்.