வான்-லிங்கின் தலைக்கேற்ற கட்டி

ஷாம்பூ கட்டியை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும், ஐயா. மூக்கையா கழுவப் போகிறார்கள்? எண்ணெய் வழியும் தலைக்கு ஒன்று, வறண்ட முடிக்குத் தேயிலை விதை எண்ணெய் சேர்த்தது, சாயம் போட்டதற்கு மென்மையானது, எல்லாம் நானே வார்ப்பவை. தைனான் நகரில் என் சலூனுக்கு வருகிறவர்களின் முடியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே எது பொருந்தும் என்று சொல்லிவிடுவேன். தவறியதில்லை.

என் மகள் வான்-லிங்குக்கு அடர்ந்த முடி. அவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, நுரையை உச்சியில் குவித்து, அவசரமில்லாமல் தேய்த்துவிடுவேன். அவள் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு எனக்கிருந்த ஒரே சுகம் அதுதான். பக்கத்துக் கடை லின் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

"இந்த முடிய வச்சே உன் பொண்ணு ஊரை விட்டுப் பறந்துடுவா, பாத்துக்கோ."

பறக்கத்தான் பார்த்தாள். விமானப் பணிப்பெண் வேலைக்குக் கடைசி நேர்காணல் மட்டும் பாக்கி.

"தாவ்யுவான்ல, ஏர்போர்ட் பக்கத்துலயே ரூம் பாத்தாச்சும்மா. மாசம் ஒரு தடவ வந்துட்டுப் போறேன்."

வாடிக்கையாளர்களே வாரம் ஒரு தடவை வருகிறார்கள். எனக்குக் கசந்தது. ஆனால் சண்டை போடவில்லை.

அவளுக்கென்று தனியாக ஒரு கட்டி வார்த்தேன். கை கால் முடி நீக்கக் கடையில் வைத்திருக்கும் மருந்தை அதில் கொஞ்சம் சேர்த்தேன். "எரியுதும்மா" என்பாள். "வேருக்கு நல்லதுடி, பொறுத்துக்கோ" என்பேன். முதலில் முடி சீப்பில் வந்தது, பிறகு தலையணையில். நேர்காணலுக்கு அவள் போகவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு மாடியிலேயே கிடந்தாள். முடி வளரக் கறுப்பு எள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

"நீ இல்லாட்டி நான் என்னம்மா ஆவேன்?" என்று என் மடியில் அழுதாள். அவள் அப்பாகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மறுநாளும் அதே கட்டியால்தான் கழுவினேன்.

புத்தாண்டுதான் கெடுத்தது. ஆண்டு பிறந்ததும் தலைக்குத் தண்ணீர் விட்டால் வந்த செல்வம் கழுவிக்கொண்டு போய்விடும். ஐந்தாம் நாள் கடை திறக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் தலை கழுவக் கூடாது. அதில் நான் ரொம்பக் கறார்.

"இந்த நாலு நாளா முடி கொட்டவே இல்லம்மா" என்றாள் வான்-லிங்.

"எல்லாம் புது வருஷ ராசி" என்றேன்.

கடை திறந்த அன்று கழுவிவிட்டேன். உதிர்ந்த முடியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டியைப் பார்த்தாள். மறுநாள் கட்டியைக் காணோம்.

அவளேவா அதை இந்தப் போலீஸ் நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தாள்? பேருந்தில், இத்தனை பேர் பார்க்க, அந்தத் தலையோடா?

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தனியாக வெளியே போகிற அளவுக்கு அவள் இன்னும் தேறவில்லை, ஐயா. சீக்கிரம் முடித்து என்னை வீட்டுக்கு அனுப்புங்கள், நாளைக்கு அவளுக்குத் தலை கழுவிவிட வேண்டும்.